லேசர் வைத்துச் சரி செய்யலாமா? இரண்டு ஃபைல்கள், இரண்டு பதில்கள்

சென்ற ஆடி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு இதய நோயாளிகளின் ஃபைல்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. மருந்துக்கடையை மகனிடம் ஒப்படைத்து நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவர்கள், அங்கே கேட்கத் தயங்கியதை இங்கே வந்து கேட்பது நிற்கவில்லை. நான் டாக்டர் அல்ல என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியைப் போடுகிறேன். முப்பது வருடம் சீட்டு படித்தவனுக்கு ஃபைல் படிக்கும் ஆசை லேசில் போகாது.

முதல் ஃபைல் 34 வயதுப் பெண்ணுடையது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். மாதத்தில் ஓரிரு முறை, குனிந்து நிமிரும்போதோ சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ, சுவிட்சைப் போட்டதுபோல் நெஞ்சு படபடக்கத் தொடங்கும். ஒருமுறை எடுத்த இ.சி.ஜி.யில் நிமிடத்துக்கு 190 துடிப்பு. பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து, போட்ட சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிடும்.

இரண்டாவது எதிர்வீட்டு வாத்தியாருடையது. வயது 63. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தேன். தகரக் கூரையில் மழை தொடங்கும்போது விழும் துளிகளைப்போல, எந்தத் துடிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் இப்படி இருக்கும், பிறகு தானாகச் சரியாகும், அடுத்த மாதம் மறுபடி வரும்.

இரண்டு வீட்டாரும் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "தொடை வழியாக ஒயரை விட்டு, லேசர் வைத்துச் சரி செய்துவிடலாமாம்." ஃபைலைப் புரட்டினால் இரண்டிலும் லேசர் என்ற சொல்லே இல்லை. நம் ஊரில் கத்தி வைக்காத வைத்தியம் எதுவானாலும் லேசர்தான். கண்ணுக்கும் மூலத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் உண்மையிலேயே லேசர் இருப்பதால் வந்த பழக்கம் இது. இதயத்துக்கும் உண்மையிலேயே ஒரு லேசர் கதீட்டர், அதாவது ரத்தக்குழாய் வழியாக உள்ளே விடும் மெல்லிய குழாய், இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இந்த இருவரில் ஒருவருக்கு அது தேவையே இல்லை. மற்றவருக்கு அது நான்கு வழிகளில் ஒன்று, அதிலும் எளிதில் கிடைக்காத ஒன்று.

கணக்கு எழுதும் பெண்ணுக்கு

இந்தப் பெண்ணுக்கு இருப்பது மேலறையும் கீழறையும் சேரும் இடத்தில் ஒரு குறுக்குச் சந்து. இதயத்தின் மின்சாரம் மேலிருந்து கீழே ஒரு வழியில்தான் இறங்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே பக்கத்தில் இன்னொரு வழியும் இருக்கும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறி, மின்சாரம் செக்குமாடுபோல் சுற்றத் தொடங்கும்போதுதான் அந்த 190. மருத்துவர்கள் எஸ்.வி.டி. என்று எழுதுவது இந்த வகையை.

இதற்கு மருந்து உண்டு. துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வருகை குறையும். ஆனால் சந்து அப்படியே இருக்கும். வந்தபோது நிறுத்த, மூச்சைப் பிடித்து முக்கும் பழைய உத்தியும் உண்டு. அதைத் திருத்திச் செய்தால் பலன் கூடும் என்று 2015-ல் இங்கிலாந்தில் 428 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. சாய்ந்து உட்கார்ந்து, 10 மி.லி. சிரிஞ்சின் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுத்து, இன்னொருவர் கால்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் 15 விநாடி. உட்கார்ந்தபடியே முக்கிப் பார்த்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு நின்ற படபடப்பு, இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. செலவு, ஒரு சிரிஞ்ச். இதை எந்த டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. உங்களுக்குச் செய்யலாமா என்று ஒருமுறை டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவர் முன்னாலேயே பழகிக்கொள்வது நல்லது.

நிரந்தரமாக முடிக்க வேண்டுமானால் அந்தச் சந்தை அடைக்க வேண்டும். 1968-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்ற அறுவை நிபுணர், இதே குடும்பத்தைச் சேர்ந்த கோளாறுக்காக ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்துதான் கூடுதல் வழியை வெட்டினார். எண்பதுகளின் தொடக்கத்தில் கதீட்டர் வழியாக மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள்; முரட்டு வைத்தியம். பிறகு ரேடியோ அலை மின்சாரத்தால் நுனியை மெதுவாகச் சுடவைத்து, அரிசி மணி அளவு தசையை மட்டும் வேகவைக்கும் முறை வந்தது. 1991-ல் ஒக்லஹோமாவில் வாரன் ஜாக்மன் குழு 166 பேருக்குச் செய்து 164 பேரில் கூடுதல் வழியை நீக்கியதாக எழுதியது. அதோடு நெஞ்சைத் திறக்கும் காலம் ஏறக்குறைய முடிந்துபோனது. ஃபைலில் 'ஆர்.எஃப்.ஏ.' என்று இருப்பது இதுதான். லேசர் அல்ல, சூடு.

தொண்ணூறுகளில் ஐரோப்பாவில் சிலர் இதே வேலைக்கு லேசர் கதீட்டரையும் முயன்றார்கள். அகச்சிவப்பு லேசர் ஒளியை இழை வழியாக அனுப்பி, தசையை ஆழம்வரை உறையவைப்பது நோக்கம். வேலை செய்யவும் செய்தது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பலன் தரும் முறை ஏற்கெனவே கையில் இருக்கும்போது புதியது எதற்கு? இந்தக் கோளாறில் லேசர் வழக்கத்துக்கு வரவே இல்லை.

அந்தப் பெண்ணின் கணவர் கேட்டார்: "அப்போது லேசர் இல்லாத ஆஸ்பத்திரி என்று தள்ளிவிட வேண்டாமா, அண்ணாச்சி?" வேண்டாம் என்றேன். இவருக்கு எடுக்க வேண்டிய முடிவு வேறு: மாத்திரையா, சூடா, அல்லது சிரிஞ்சை வைத்துக்கொண்டு சமாளிப்பதா. படபடப்பு வருடத்துக்கு ஒருமுறை வந்து போனால் சிரிஞ்சே போதும். மாதம் இரண்டு முறை, அதுவும் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்ணுக்கு என்றால், நான் சூட்டின் பக்கம்தான். அடுத்து பிள்ளை பெற நினைப்பவர் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒரே ஒரு பயம் நியாயமானது. சந்து இருப்பது மெயின் ரோட்டை ஒட்டி. சுடும்போது கை தவறினால் உண்மையான வழியும் அடைபட்டு, ஆயுளுக்கும் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக நடக்கும் ஆபத்து. ஆனால் 34 வயதில் அது சின்ன விஷயம் அல்ல. மிக நெருக்கமான இடம் என்றால் சூட்டுக்குப் பதில் குளிரூட்டும் கதீட்டரைச் சிலர் எடுக்கிறார்கள். குளிர் தவறான இடத்தில் பட்டாலும் உடனே நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். பாதுகாப்பு கூடுதல், திரும்பி வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல்.

வாத்தியாருக்கு

வாத்தியாருடையது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறை துடிப்பதை விட்டுவிட்டு நடுங்குகிறது. இங்கே அடைப்பதற்கு ஒற்றைச் சந்து இல்லை. 1998-ல் பிரான்ஸின் போர்டோ நகரில் மிஷேல் ஐசாகேர் குழு 45 நோயாளிகளை ஆராய்ந்தபோதுதான் ஒரு பிடி கிடைத்தது. நடுக்கத்தைத் தூண்டும் பொறிகளில் 94 சதவீதம், நுரையீரலிலிருந்து ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் சிரைகளுக்குள் கிளம்பின. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சிரைகள் நான்கு. ஒவ்வொன்றின் வாயையும் சுற்றி ஒரு வடுவளையம் போட்டுவிட்டால் பொறி உள்ளேயே அணைந்துவிடும், மேலறைக்கு வராது. இன்று உலகம் முழுவதும் நடக்கும் சிகிச்சையின் அடிப்படை அவ்வளவுதான். வளையத்தை எதைக் கொண்டு போடுவது என்பதில்தான் சூடு, குளிர், லேசர், மின்துடிப்பு என்ற போட்டி.

லேசரிலிருந்து தொடங்குகிறேன்; வாத்தியார் கேட்டது அதைத்தான். தவிர, நால்வரில் எனக்குப் பிடித்த கருவியும் அதுவே.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த கார்டியோஃபோகஸ் நிறுவனம் செய்த ஹார்ட்லைட் என்ற லேசர் பலூன் ஐரோப்பாவில் 2009-லும் அமெரிக்காவில் 2016-லும் அனுமதி பெற்றது. தொடைச் சிரை வழியாகப் போய், இதயத்தின் நடுச்சுவரில் ஊசித்துளை போட்டு இடது மேலறைக்குள் நுழைவது எல்லா முறைக்கும் பொது. அங்கே இந்தப் பலூன் சிரையின் வாயில் விரிகிறது. மெத்தென்ற பலூன், வாயின் அளவுக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் நூல் கனத்தில் ஒரு எண்டோஸ்கோப். சூடு, குளிர் வழிகளில் டாக்டர் பார்ப்பது எக்ஸ்ரே நிழலையும் கணினி வரைபடத்தையும். இங்கே அவர் துடிக்கும் இதயத்தின் உட்சுவரையே நேரில் பார்க்கிறார். பலூன் ஒட்டிய தசை வெள்ளையாகத் தெரியும், இடைவெளியில் புகுந்த ரத்தம் சிவப்பாகத் தெரியும். வட்டத்தில் 30 பாகை அகலமுள்ள, வில் வடிவ ஒளிக்கீற்று ஒன்றைத் திருப்பித் திருப்பி வெள்ளை இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் 20, 30 விநாடி சுடுகிறார். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும்படி, ஓலை முடைவதுபோல், வளையம் மூடும்வரை. சுடும் கதிர் 980 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. குறிபார்க்கும் ஒளி மட்டும் பச்சையாகத் தெரியும்.

பலூனுக்குள் நிரப்புவது சாதாரணத் தண்ணீர் அல்ல, கனமான ஹைட்ரஜன் கொண்ட கனநீர். சாதாரணத் தண்ணீர் இந்த அலைநீளத்தை உறிஞ்சிச் சூடாகிவிடும். கனநீர் பெரும்பாலும் கடத்திவிடும். இதைச் சொன்னதும் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கல்பாக்கம் அணு உலைக்கு ஊற்றுவதா? நம் தூத்துக்குடியில் ஆலை இருக்கிறதே, அதுவா?" அதே பொருள்தான், கதிரியக்கம் இல்லாதது என்றேன். அன்று மாலை முழுக்க அவர் இதய நோயாளியாக இல்லாமல் மறுபடி அறிவியல் வாத்தியாராக இருந்தார்.

இவ்வளவு அழகான கருவி எவ்வளவு பலன் தந்தது? அமெரிக்காவில் 353 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஒரு வருட முடிவில் லேசர் பக்கம் 61.1 சதவீதம் பேர் நடுக்கமின்றி இருந்தார்கள். ரேடியோ அலைச் சூட்டின் பக்கம் 61.7 சதவீதம். கண்ணால் பார்த்துச் சுட்டதற்கும் பார்க்காமல் சுட்டதற்கும் வித்தியாசம் இல்லை! ஆபத்துகளில்தான் வேறுபாடு. உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டது லேசரில் 3.5 சதவீதம், சூட்டில் 0.6. வடு இறுகிச் சிரையின் வாய் சுருங்கியது சூட்டில் 2.9 சதவீதம், லேசரில் ஒருவருக்கும் இல்லை. சிகிச்சை நேரமும் லேசருக்கு அதிகம். பின்னர் 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடுத்த தலைமுறைக் கருவியில், மோட்டார் ஒன்று அந்த ஒளிக்கீற்றை இடைவிடாமல் சுழற்றி நேரத்தைக் குறைத்தது.

லேசரின் பலவீனம் அதன் பலத்திலேயே இருக்கிறது. பார்த்துச் சுட வேண்டுமானால் பலூன் சுவரில் முழுதாக ஒட்ட வேண்டும். ரத்தம் கசிந்து வரும் இடத்தில் முழு வலுவில் சுட்டால் ரத்தம் கருகி உறையும், பலூனே ஓட்டையாகலாம். அங்கே வலுவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் வடு ஆழமாக விழாமல் போகலாம். கை பழகிய டாக்டரிடம் இது பெரிய சிக்கல் இல்லை. பழகாதவரிடம் எனக்கு வேண்டாம்.

ரேடியோ அலைச் சூடு பழைய கை. பேனா முனைபோல் ஒரு நுனி. புள்ளி புள்ளியாக வளையம் வரைய வேண்டும். மெதுவானது, ஆனால் வளையத்துக்கு அப்பால் வேறு இடத்தில் கோளாறு இருந்தாலும் அங்கே போய்ச் சுட முடியும். பலூன்களுக்கு அது முடியாது. ஏற்கெனவே ஒருமுறை செய்து திரும்பி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் எடுக்கப்படுகிறது.

குளிர்ப் பலூன் அதற்கு நேர்மாறு. நைட்ரஸ் ஆக்சைடு வாயு உள்ளே விரியும்போது பலூன் உறைபனிக்கு வெகுகீழே போகும்; மூன்று நான்கு நிமிடம் வைத்தால் ஒரே தடவையில் முழு வளையமும் விழுந்துவிடும். கற்றுக்கொள்வதும் எளிது. 2016-ல் வெளியான ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வில் 762 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். நடுக்கம் திரும்பியது போன்ற தோல்விகள் குளிரில் 34.6 சதவீதம், சூட்டில் 35.9. மறுபடியும் சமம். உதரவிதான நரம்பைக் குளிரும் தொந்தரவு செய்யும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும்.

நான்காவது, துடிப்பு மின்புலம். சூடும் இல்லை, குளிரும் இல்லை. மின்னல் வேகத்தில் உயர் மின்னழுத்தத் துடிப்புகளைச் செலுத்தி உயிரணுவின் சவ்வில் ஓட்டை போடுவது. இதயத் தசை அணுக்கள் இதற்குச் சீக்கிரம் மடியும். பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் தப்பிவிடும். 2023-ல் வந்த அட்வென்ட் ஆய்வில் 607 பேர். ஒரு வருட வெற்றி இதில் 73.3, சூடு அல்லது குளிரில் 71.3. பலனில் இதுவும் சமம்தான். வென்றது வேகத்தில். பாதுகாப்புக்கு வேறு சான்று வந்தது: 2024-ல் வெளியான 17,642 நோயாளிகளின் தொகுப்பில் உணவுக்குழாய் ஓட்டையோ, சிரைச் சுருக்கமோ, நிரந்தர நரம்புப் பாதிப்போ ஒன்றுகூட இல்லை. இதற்கும் தனிக் குறைகள் உண்டு. துடிப்புகளை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகத்தை அடிக்கலாம். இதய ரத்தக்குழாய் அருகே கொடுத்தால் குழாய் இறுகிப் பிடிக்கலாம். பத்து வருடம் கழித்து எப்படியிருக்கும் என்று சொல்ல இன்னும் பத்து வருடம் ஆகவில்லை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு. லேசர் பலூனைச் செய்த அந்த நிறுவனமே இப்போது துடிப்பு மின்புலத்திலும் இறங்கிவிட்டது.

ஆக, வாத்தியார் முன்னால் நான் வைத்த ஒப்பீடு இப்படி முடிந்தது: நான்கு ஆயுதங்களுக்கும் வெட்டு ஒன்றுதான், வித்தியாசம் பிடிப்பவரிடம். லேசர் இருக்கும் ஊருக்கு ரயில் ஏறிப் போவதைவிட, இந்தச் சிகிச்சையை வாரந்தோறும் செய்கிற ஒருவரிடம், அவர் எதில் பழகியவரோ அதிலேயே செய்துகொள்வது மேல். மற்ற எல்லாம் சமமாக இருந்தால் நான் துடிப்பு மின்புலத்தைக் கேட்பேன், உணவுக்குழாயில் ஓட்டை விழும் பயத்துக்காக. இந்தப் பயம் ஆயிரத்தில் ஒருவரைக்கூடத் தொடாதது. ஆனால் தொட்டால் பெரும்பாலும் உயிரை எடுப்பது. சூடு, குளிர், லேசர் எதுவானாலும், சிகிச்சை முடிந்து ஓரிரு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கை கால் இழுப்பு எது வந்தாலும் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. செய்த ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டும். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கவும் யாரையும் அனுமதிக்கக் கூடாது, சி.டி. ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகவாவது இந்தக் கட்டுரையை வீட்டில் ஒருவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள். சிகிச்சையின்போதே நேரக்கூடிய மற்றவை: இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவது, சுமார் நூற்றில் ஒருவருக்கு, பக்கவாதம், அதைவிடக் குறைவு, தொடையில் ரத்தக்கட்டு, அடிக்கடி, ஆனால் சமாளிக்கக்கூடியது.

செய்யவே வேண்டுமா?

வாத்தியாரின் மனைவி இதுவரை பேசவில்லை. காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "மாத்திரையிலேயே ஓட்ட முடியாதா, அண்ணாச்சி?" அன்று கேட்கப்பட்டதில் நல்ல கேள்வி இதுதான்.

ஓட்டலாம். மாத்திரைகள் இரண்டு வேலைக்கு. நடுக்கம் இருந்துவிட்டுப் போகட்டும், வேகம் மட்டும் கட்டுக்குள் இருக்கட்டும் என்று மெட்டோப்ரோலால் வகை. நடுக்கமே வராமல் தடுக்க ஃப்ளெகைனைடு, சோட்டலால், அமியோடரோன் வகை. கடையில் நான் அதிகம் எடுத்துக் கொடுத்தது அமியோடரோன். கெட்டிக்கார மருந்து, ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். தைராய்டு, நுரையீரல், கண், தோல் என்று கைவைக்காத இடமில்லை. நிறுத்தினாலும் உடம்பைவிட்டுப் போக மாதக்கணக்காகும். மறுபரிசோதனை இல்லாமல் பழைய சீட்டையே நீட்டி இரண்டு வருடம் வாங்கியவர்கள் உண்டு. கொடுத்தவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விட்டுவிட்டு வரும் நடுக்கம் கொண்டவர்களுக்கு, முதலிலேயே மாத்திரைக்குப் பதிலாகக் குளிர்ப் பலூனைச் செய்தால் என்ன ஆகும் என்று கனடாவில் 303 பேரிடம் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் நடுக்கம் திரும்பியது பலூனில் 42.9 சதவீதம், மாத்திரையில் 67.8. நடுக்கத்தை அடக்குவதில் சிகிச்சை மாத்திரையை வென்றது. ஆனால் பலூன் செய்தவர்களிலும் பத்தில் நால்வருக்கு மேல் ஏதோ ஒரு அளவில் திரும்பியிருக்கிறது என்பதையும் அதே வரியில் படிக்க வேண்டும். ஆயுள் கூடுமா என்று 2,204 பேரிடம் பார்த்த கபானா ஆய்வு, 2019-ல், உறுதியாக அப்படிச் சொல்ல முடியவில்லை; வாழ்க்கை இதமாக இருக்கும் என்று மட்டும் சொன்னது. இதயம் பலவீனமானவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு ஆயுள் பலனையும் காட்டிய ஆய்வு உண்டு. வருடக்கணக்கில் விடாமல் நடுங்கி, மேலறை விரிந்துபோனவர்களுக்கு வெற்றி குறைவு.

இன்னொரு சந்தேகமும் இருந்தது: பெரிய சிகிச்சை செய்துகொண்டோம் என்ற நம்பிக்கையே நோயைக் குறைத்துக் காட்டுகிறதோ? அதற்காக இங்கிலாந்தில் 126 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான குளிர்ச் சிகிச்சையும் மீதிப் பேருக்குப் பெயருக்குச் செய்வதுமாக ஒரு ஆய்வு நடந்து 2024-ல் முடிவு வந்தது. உண்மையாகச் செய்தவர்களுக்கே நடுக்கம் தெளிவாகக் குறைந்தது.

அடுத்து, எல்லோரும் ஏமாறும் இடம். "லேசர் வைத்துவிட்டால் ரத்தம் இளகும் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று நினைத்தே பலர் சம்மதிக்கிறார்கள். நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குப் போவதுதான் இந்த நோயின் உண்மையான அபாயம். அதைத் தடுக்கும் மாத்திரை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் தொடரும். அதற்கு அப்பால் தொடர்வதா என்பதை வயது, அழுத்தம், சர்க்கரை, பழைய பக்கவாதம் போன்றவற்றைக் கூட்டிய மதிப்பெண் வைத்துத்தான் வழிகாட்டு நெறிகள் முடிவு செய்கின்றன. வளையம் வெற்றியா என்பதை வைத்து அல்ல. ஒரு வருடம் நடுக்கம் திரும்பாதவர்களில் சிலருக்கு நிறுத்தலாமோ என்ற பேச்சை 2025-ல் வந்த ஆய்வுகள் மறுபடி தொடங்கியிருக்கின்றன. வாத்தியாருக்கு அழுத்தமும் சர்க்கரையும் இருக்கின்றன, இரண்டு வருடத்தில் 65 ஆகிவிடும். மாத்திரையை விடுவதற்காகச் செய்யாதீர்கள் என்றேன்.

நம் பக்கத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்கள் இங்கே இன்னும் நிறைய. அவர்களுக்கும் இதே நடுக்கம் வரும், ஆனால் இந்த ஒப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது. வால்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரத்தம் இளகும் புதுவகை மாத்திரையும் அவர்களுக்குச் சரிவராது. 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் ரிவராக்சபான் என்ற புதுவகை மாத்திரையைவிட, ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவுச் சோதனை பார்த்துக் கொடுக்கும் வார்ஃபரின் வகைப் பழைய மருந்துதான் உயிரைக் காப்பதில் மேலாக நின்றது. அந்தப் பழைய வகையான அசிட்ரோம் சாப்பிடுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து மாறிவிடக் கூடாது. கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை விடவும் வேண்டாம், ஒருநாள் கட்டுக்கட்டாகச் சாப்பிடவும் வேண்டாம், ஒரே அளவு.

ஒயரும் மாத்திரையும் இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. அதைத் தேர்வாக யாரும் எண்ணுவதில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பருத்த உடல் கொண்ட நோயாளிகளில் பத்து சதவீதம் எடை குறைத்தவர்கள், குறைக்காதவர்களைவிட நடுக்கமின்றி இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று 2015-ல் வந்தது. அதே நாட்டில் குடிப்பழக்கம் உள்ள 140 நோயாளிகளில் பாதிப் பேரைக் குடியை விடச் சொன்னபோது, நடுக்கம் திரும்பியது 73 சதவீதத்திலிருந்து 53-க்கு இறங்கியது. குறட்டையோடு மூச்சு நிற்கும் நோய் இருந்தால் அதுவும் பார்க்கப்பட வேண்டும். வாத்தியார் குடிப்பவர் அல்ல. ஆனால் எடை 92 கிலோ, குறட்டை எங்கள் வீடுவரை கேட்கும்.

பணத்தைப் பற்றி ஒன்று: கதீட்டரும் பலூனும்தான் பில்லில் பெரும்பங்கு, வழிக்கு வழி விலை மாறும். காப்பீடு எந்த வழிக்கு எவ்வளவு தரும், மறுமுறை செய்ய நேர்ந்தால் தருமா, என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போய் கவுண்டரில் நின்று நகையை அடகுவைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஜவுளிக்கடைப் பெண் ஆவணியில் சிகிச்சை செய்துகொண்டார். ரேடியோ அலைச் சூடு, மறுநாள் வீடு. இதுவரை சுவிட்ச் விழவில்லை. சிரிஞ்சை மட்டும் கைப்பையிலேயே வைத்திருக்கிறாராம்.

வாத்தியார் டாக்டரிடம் ஒரு தாளில் நான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு போனார். வருடத்துக்கு எத்தனை பேருக்கு நீங்களே செய்கிறீர்கள், எந்த முறையில் அதிகம், ரத்தம் கட்டினால் இங்கேயே நெஞ்சைத் திறக்க ஆள் இருக்கிறதா, முதல் மூன்று மாதத்தில் நடுக்கம் வந்தால் அதைத் தோல்வி என்பீர்களா. கடைசிக் கேள்விக்கு டாக்டர் சிரித்தாராம். வடு ஆறும் காலம் அது, அப்போது வருவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றாராம். தை மாதத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள், குளிர்ப் பலூன். அதுவரை எட்டு கிலோ குறைப்பதாக ஒப்பந்தம். இப்போது மூன்று குறைந்திருக்கிறது. காலையில் என் வீட்டு வாசலைத் தாண்டி வேகமாக நடந்து போகிறார். கூப்பிட்டால் நிற்பதில்லை, மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.